கொரிய மொழியில் களைப்பைச் சொல்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரியத் தொடர்களைப் பார்த்து மொழி கற்க ஆரம்பித்தவர்கள், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய நிறுவனங்களில் வேலை செய்பவர்கள், இலங்கையிலிருந்து கொரியாவுக்கு வேலைக்குப் போக மொழித் தேர்வு எழுதுபவர்கள் என்று பல தரப்பினரும் கேட்கும் கேள்விகள் இவை. கொரியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ஏறக்குறைய இந்த ஒலிதான் வரும், அச்சு அசலாக வராது. கொரிய எழுத்துகளைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

"களைப்பா இருக்கு" என்பதற்கு நேரான சொல் எது?

பிகொன்ஹேயோ. முதலில் இதைக் கற்றுக்கொண்டால் போதும். நண்பனிடமும் தம்பி தங்கையிடமும் "பிகொன்ஹே". பழகாதவர்களிடம், கடையில், சக ஊழியரிடம் "பிகொன்ஹேயோ". கூட்டத்தில், ராணுவத்தில், மேலதிகாரி முன்னால் "பிகொன்ஹம்னிதா". அழுத்திச் சொல்ல முன்னால் "நொமு" அல்லது "ஜின்ச்சா" போட்டால் ஆயிற்று. "ஜின்ச்சா பிகொன்ஹே" என்றால் "நிஜமாவே அசதியா இருக்குப்பா".

பெரியவர்களைப் பார்த்துக் கேட்கும்போது மரியாதை விகுதி சேர்ந்து "பிகொன்ஹசெயோ?" என்று மாறும். பலர் இந்தக் கேள்வியை அப்படியே பதிலாகவும் திருப்பிச் சொல்லிவிடுகிறார்கள். அந்த விகுதி எதிரில் இருப்பவருக்கு மட்டும்தான். தனக்குத்தானே போட்டுக்கொண்டால் "நான் களைத்துப் போயிருக்கிறீர்கள்" என்றது போல் ஆகிவிடும். கொரியர்கள் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள், ஆனாலும் வேண்டாம்.

"எனக்கு" என்று ஆரம்பிக்க வேண்டுமா?

வேண்டாம். தமிழில் களைப்பும் பசியும் "எனக்கு" வருபவை. அந்தப் பழக்கத்தில் கொரியனிலும் நான்காம் வேற்றுமை உருபைத் தேடுகிறோம். கொரியனில் களைப்புக்கு அந்த உருபு வராது. "நான்" என்று சொல்லியே ஆக வேண்டுமென்றால் "ஜொனுன் பிகொன்ஹேயோ". பெரும்பாலும் அதுகூட வேண்டியதில்லை, வெறும் வினையே போதும். "களைப்பா இருக்கு" என்று நாமும் யாருக்கு என்று சொல்லாமல்தானே பேசுகிறோம்.

ஹிம்துரொயோ என்றும் வருகிறதே, அதில் வரும் "து" ஏன் வேறு மாதிரி ஒலிக்கிறது?

அந்த இடத்தில் கொரியனில் உதடு குவியாத ஓர் உகரம் இருக்கிறது. ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் இதற்குத் திண்டாடுவார்கள். தமிழருக்கு அந்தக் கவலையே இல்லை. "பாட்டு", "காது" என்று இயல்பாகச் சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் தேய்கிறதே குற்றியலுகரம், ஏறக்குறைய அதே ஒலிதான். "ஹிம்" சொல்லிவிட்டு, "காது" என்பதில் வரும் "து"வைப் போட்டு, "ரொயோ" என்று முடியுங்கள். இந்த "ரொ"வில் இருக்கும் ஒகரம்தான் நமக்குச் சற்றுக் கஷ்டம். வாயைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து, அகரத்துக்கும் ஒகரத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும்.

பிகொன்ஹேயோ, ஹிம்துரொயோ: இரண்டும் ஒன்றா?

இல்லை. இந்த வேறுபாடு பிடிபட்டால்தான் தொடர்களில் பாதி வசனம் விளங்கும்.

"ஹிம்" என்றால் வலு. "துல்தா" என்றால் செலவாவது, பிடிப்பது. பணம் செலவாவதற்கும் இதே வினைதான், "தொனி துரொயோ" என்றால் காசு பிடிக்கும். ஆகவே ஹிம்துரொயோ என்றால் தெம்பைப் பிடுங்குகிறது, கஷ்டமாக இருக்கிறது. மலை ஏறினாலும் ஹிம்துரொயோ, கொரிய இலக்கணம் படித்தாலும் ஹிம்துரொயோ, கடன் கழுத்தை நெரித்தாலும் அதே ஹிம்துரொயோதான்.

பிகொன்ஹேயோ உடம்போடு நின்றுவிடும். தூங்கி எழுந்தால் போய்விடும். ஹிம்துரொயோ மனசுக்கும் போகும். நண்பர் ஒருவர் சோஜு (கொரிய மது) கோப்பையைக் கீழே வைத்துவிட்டு "யோஜும் ஜொம் ஹிம்துரொ" என்று சொன்னால், "இப்பல்லாம் கொஞ்சம் கஷ்டமா இருக்குடா" என்று மனசு திறக்கிறார் என்று அர்த்தம். அந்த நேரத்தில் "சீக்கிரம் போய்த் தூங்கு" என்று பதில் சொன்னால் அவர் வாயை மூடிக்கொள்வார். "முசுன் இல் இஸ்ஸொ?" (என்ன ஆச்சு?) என்று கேளுங்கள். தொடர்களின் வசன வரிகளில் இரண்டுக்கும் ஒரே மொழிபெயர்ப்பு போட்டுவிடுகிறார்கள். அதனால் காதலி ஏன் திடீரென்று அழுகிறாள் என்று நமக்குப் புரிவதில்லை.

ஜிச்சொஸ்ஸொ ஏன் எப்போதும் இறந்த காலத்தில் வருகிறது?

தமிழில் "சோர்ந்துட்டேன்", "ஓய்ஞ்சு போயிட்டேன்" என்று சொல்வதும் இறந்த காலம்தானே? நடந்து முடிந்து, அதன் விளைவு இப்போதும் இருக்கிறது. ஜிச்சொஸ்ஸொயோ (சோர்ந்துவிட்டேன்) அதே வகை. ஓட்டப் பந்தயம் முடிந்து தரையில் உட்கார்ந்தவரும் சொல்வார், ஆறு மாதமாக ஒருவருடைய மாற்றத்துக்குக் காத்திருந்து கைவிட்டவரும் சொல்வார். பிரிவுக் காட்சிகளில் "நா ஜிச்சொஸ்ஸொ" என்று வந்தால், அந்த உறவு முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

தூக்கம் வருது என்று சொல்ல?

ஜொல்லியொயோ. கண் சொக்குகிறது என்கிற பொருள். இன்னொன்று "ஜாமி வாயோ". ஜாம் என்றால் தூக்கம், வாயோ என்றால் வருகிறது. நம்முடைய "தூக்கம் வருது" அப்படியே கிடைத்துவிடுகிறது. புசான் உள்ளிட்ட கியொங்சாங் வட்டாரத்தில் "ஜாம் ஓந்தா" என்றுதான் அதிகம் சொல்வார்கள். அங்கே முரட்டு ஆண்பிள்ளை "ஜொல்லியொ" என்று சொன்னால் செல்லம் கொஞ்சுவதாகக் கிண்டல் செய்வதும் உண்டு.

சாப்பிட்டதும் வரும் உறக்கத்துக்குத் தனிப் பெயர் இருக்கிறது: சிக்கொன்ச்சுங். வசந்த காலத்தில் காரணமில்லாமல் உடம்பு சொக்குவதற்கும் ஒரு பெயர்: சுன்கொன்ச்சுங். மார்ச், ஏப்ரலில் செய்தி அறிக்கைகள்கூட இதைப் பற்றிப் பேசும். படிக்கும் பிள்ளைகளிடம் வழங்கிய பழைய சொலவடை "சாதாங் ஓராக்": நாலு மணி நேரம் தூங்கினால் தேர்ச்சி, ஐந்து மணி நேரம் தூங்கினால் தோல்வி. இந்தச் சொலவடையைப் பெருமையாகச் சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. ஆனால் காதில் விழும், தெரிந்திருக்கட்டும்.

மேலதிகாரியிடம் "பிகொன்ஹம்னிதா" என்று சொல்லலாமா?

இலக்கணப்படி சரி. ஆனால் சொல்லாமல் இருப்பது நல்லது. நீங்களாகப் போய்ச் சொன்னால் அது குறை சொல்வதாகக் கேட்கும். நிஜமாகவே முடியவில்லை என்றால் "மொமி ஜொம் ஆன் ஜொவாசொயோ" (உடம்பு கொஞ்சம் சரியில்லை, அதனால...) என்று பாதியில் நிறுத்துங்கள். அல்லது "கொந்திஷொனி ஆன் ஜொவாயோ". கொந்திஷொன் ஆங்கிலத்திலிருந்து வந்த சொல்தான், கொரியர் வாயில் அது "இன்று உடம்பு இருக்கும் நிலை" என்று ஆகிவிட்டது.

அவரே "ஹிம்துல்ஜி?" (கஷ்டமா இருக்கா?) என்று கேட்டால், எதிர்பார்க்கிற பதில் "அனியெயோ, க்வென்ச்சன்ஸும்னிதா" (இல்லைங்க, பரவாயில்லை). அவருக்கும் உண்மை தெரியும். கேட்டதே ஓர் ஆறுதல்தான்.

கொரிய அலுவலகத்தில் தன் களைப்பை யாரும் அதிகம் பேசுவதில்லை. அடுத்தவருடைய களைப்பைத்தான் பேசுகிறார்கள். மாலை வேலை முடிகிற நேரத்தைக் கவனியுங்கள். குழுத் தலைவர் இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இளையவர் பையைத் தோளில் மாட்டி, அவர் மேசைப் பக்கம் வந்து லேசாகக் குனிந்து "மொன்ஜொ துரொகா பொகெஸ்ஸும்னிதா" என்கிறார். நான் முதலில் கிளம்புகிறேன் என்று பொருள். அந்த "முதலில்" என்ற சொல்லிலேயே ஒரு மன்னிப்பு ஒளிந்திருக்கிறது. தலைவர் கண்ணை எடுக்காமலே "ஒ, சுகோஹெஸ்ஸொ" என்கிறார். பக்கத்து மேசைகளிலிருந்து இரண்டு மூன்று குரல்கள், "சுகோஹஷொஸ்ஸும்னிதா". இன்று நிறைய உழைத்தீர்கள், சிரமப்பட்டீர்கள் என்பதுதான் அத்தனைக்கும் பொருள். ஒருவரும் "களைப்பு" என்ற சொல்லை எடுக்கவில்லை, ஆனால் ஒவ்வொருவர் களைப்புக்கும் மரியாதை கிடைத்துவிட்டது.

சுகோஹசெயோவைப் பெரியவர்களிடம் சொல்லக் கூடாது என்கிறார்களே?

"சுகோ" என்றால் பாடு, உழைப்பு. "சுகோஹசெயோ" என்பது "தொடர்ந்து பாடுபடுங்கள்" என்ற ஏவல் ஆகிவிடுகிறது. மூத்தவரைப் பார்த்து இளையவர் அப்படிச் சொல்வது மரியாதை ஆகாது என்பது கொரிய மொழி நிறுவனத்தின் நிலைப்பாடு. நடைமுறையில் கடையிலிருந்தும் டாக்சியிலிருந்தும் இறங்கும்போது எல்லோரும் சொல்கிறார்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அலுவலகத்தில் மூத்தவரிடம் மட்டும் கவனமாக இருங்கள். அவரிடம் "கோசெங் மனுஷொஸ்ஸும்னிதா" (மிகவும் சிரமப்பட்டீர்கள்) என்பதைப் பலரும் பாதுகாப்பாகக் கருதுகிறார்கள்.

இதே "கோசெங்" விருந்தாளிக்கும் உதவும். ஊரிலிருந்து வந்து இறங்கியவரிடம் "ஓஷினுரா கோசெங்ஹஷொஸ்ஸொயோ" என்றால் "வர்றதுக்குள்ள ரொம்பச் சிரமப்பட்டிருப்பீங்க". உங்கள் நிறுவனத்துக்கு சியோலிலிருந்து ஒருவர் வந்தால் விமான நிலையத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள். மனிதர் முகம் மலர்ந்துவிடும்.

யாராவது "பிகொன்ஹே" என்றால் என்ன பதில் சொல்வது?

"புக் ஷ்விசெயோ" (நல்லா ஓய்வெடுங்க). "முரிஹஜி மசெயோ" (உடம்பை வருத்திக்காதீங்க). இளையவர்களிடம் "ஜொம் ஷ்வியொ". "ஹிம்நெ", அதாவது தெம்பாக இரு என்பதும் உண்டு. ஆனால் நிஜமாகவே ஒடிந்து போனவரிடம் அது எடுபடாது. தெம்பு இல்லை என்றுதானே சொல்கிறார்!

"அவர் களைத்திருக்கிறார்" என்று சொல்ல?

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ஒருவரைப் பற்றி "கு சாராம் சாம் பிகொன்ஹே" என்றால், "அந்த ஆள் பெரிய தொல்லைப்பா, அவனோட மாரடிக்க முடியாது" என்ற பொருளும் வந்துவிடும். அடுத்தவர் உடம்புக்குள் நுழைந்து நாம் பார்க்க முடியாது என்பதால், கொரியன் அங்கே ஒரு சொல்லைக் கூட்டும். "பிகொன்ஹே பொயொயோ" என்றால் பார்க்கக் களைப்பாகத் தெரிகிறார். "பிகொன்ஹன்கா ப்வாயோ" என்றால் களைப்பு போலிருக்கிறது. "பிகொன்ஹதேயோ" என்றால் களைப்பாக இருக்கிறதாம். நம் "ஆம்" விகுதி செய்கிற வேலையைத்தான் கடைசியில் வரும் அந்த "தேயோ" செய்கிறது.

நண்பர்களிடம் இன்னும் காரமாகச் சொல்ல?

"பிகொன்ஹே ஜுக்கெஸ்ஸொ", அதாவது அசதியில் செத்துவிடுவேன் போல. எதற்கும் "ஜுக்கெஸ்ஸொ" போடலாம். பசிக்கும் போடுவார்கள், போரடித்தாலும் போடுவார்கள். பயப்பட வேண்டாம், யாரும் சாகப் போவதில்லை.

எனக்குப் பிடித்தது "பாகிம்ச்சிகா த்வெஸ்ஸொ": நான் பாகிம்ச்சி ஆகிவிட்டேன். பா என்றால் வெங்காயத்தாள், கிம்ச்சி என்றால் காரமாக ஊறவைத்த காய்கறி. மெல்லிய தாள்களை வெட்டாமல் முழுசாக எடுத்து, நெத்திலி ஊறிய உப்புச் சாற்றில் கிடத்தி, மிளகாய்த் தூள் விழுதைப் பூசி வைப்பார்கள். காலையில் விறைப்பாக நின்ற தாள் மாலைக்குள் துவண்டு, விரலில் சுற்றி முடிச்சுப் போடலாம் போல் ஆகிவிடும். இரட்டை ஷிப்ட் முடித்துப் பேருந்தில் ஏறியவர் அப்படித்தான் இருப்பார். "நோக்சோகா த்வெஸ்ஸொ"வும் இதே பொருள்தான், அதில் உருகுவது மெழுகுவர்த்தி.

இப்போதைய இளைஞர் வழக்கில் "பாங்ஜொன் த்வெஸ்ஸொ" (பேட்டரி இறங்கிவிட்டது) அதிகம். பிற்பகல் நாலு மணிக்கு "தாங் தொரொஜொஸ்ஸொ" என்றால் சர்க்கரை குறைந்துவிட்டது, சாக்லேட் எங்கே என்று அர்த்தம். நோய் இல்லை. கூட்டத்தில் பேசிப் பேசி ஓய்ந்தால் "கி பல்லியொ": உயிர்ச் சத்தை உறிஞ்சுகிறார்கள். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய் வந்த அன்று இந்தச் சொல் கைகொடுக்கும். முன்னால் "கே" சேர்த்து "கேபிகொன்" என்பது நாயைச் சேர்த்துத் திட்டும் பாணி. வகுப்புத் தோழனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மொம்சால் என்றால் காய்ச்சலா?

காய்ச்சலும் கூட வரலாம், ஆனால் அதன் வேர் உழைப்பு. அளவுக்கு மீறி வேலை செய்த மறுநாள் உடம்பை அடித்துப் போட்டாற்போல் வலிக்கிறதே, அதுதான் மொம்சால். "மொம்சால் நஸ்ஸொயோ" என்றால் யாரும் மேலே கேள்வி கேட்க மாட்டார்கள், விடுப்புக்கு ஏற்ற காரணம். கிம்ஜாங் என்னும் குளிர்கால கிம்ச்சி வேலை முடிந்த மறுநாளும், வீடு மாற்றிய மறுநாளும் இது வரும். சுசொக் (அறுவடைத் திருநாள்), சொல்லால் (சந்திரப் புத்தாண்டு) பண்டிகைகளில் புகுந்த வீட்டு அடுப்படியிலேயே நிற்கும் மருமகள்களின் அசதிக்கு "மியொங்ஜொல் ஜுங்ஹுகுன்", பண்டிகை நோய் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பொங்கல், தீபாவளி முடிந்த மறுநாள் நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் இந்தச் சொல்லின் அருமை தெரியும்.

மருந்துக் கடைச் சீசாக்களில் "பிரோ" என்று போட்டிருக்கிறதே?

பிரோ என்றால் களைப்பு என்பதன் எழுத்து வழக்கு, மருத்துவர் வாயிலும் விளம்பரத்திலும் வரும். வீட்டில் பிகொன், சீசாவில் பிரோ. இந்தச் சீசாக்களில் மூத்தது பக்காஸ். தோங்கா மருந்து நிறுவனம் 1961-இல் மாத்திரையாகக் கொண்டுவந்து, 1963-இல் பானமாக்கியது. ரோமானியரின் மதுக் கடவுள் பெயர், ஆனால் உள்ளே மது கிடையாது, டாரின் கலந்த இனிப்புத் தண்ணீர். 2011 வரை மருந்துக் கடையில் மட்டும் கிடைத்தது, இப்போது தெருமுனைக் கடையிலும் கிடைக்கிறது. வீட்டுக் காவலாளிக்கோ, உதவி செய்த அலுவலகத்துக்கோ ஒரு பெட்டி வாங்கிக் கொடுப்பது வழக்கம். அதுவும் "சுகோ"வைச் சொல்லும் ஒரு வழிதான், வாயால் சொல்லாமல்.

யாகுன், கால்த்வே என்று பேசிக்கொள்கிறார்கள். என்ன அது?

யாகுன் என்றால் இரவு வரை நீளும் கூடுதல் வேலை. த்வேகுன் என்றால் வேலை முடிந்து கிளம்புவது. கால்த்வே என்றால் கத்தி வெட்டியது போல் மணி அடித்ததும் கிளம்புவது. 2018 பிப்ரவரியில் சட்டம் திருத்தப்பட்டு, வார வேலை நேரத்தின் உச்ச வரம்பு 68 மணியிலிருந்து 52 ஆனது: 40 மணி வழக்கமான வேலை, 12 மணி கூடுதல். அந்த ஜூலையில் 300 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களில் தொடங்கி, 2021 ஜூலையில் சிறிய நிறுவனங்களுக்கும் வந்தது. அதற்குப் பிறகு கால்த்வே என்ற சொல்லைச் சற்றுத் தைரியமாகவே சொல்கிறார்கள். திங்கள்கிழமை முகம் தொங்கினால் அது வொர்யோப்யொங், திங்கள் நோய்.

வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுமா?

மாறும். கியொங்சாங் பாட்டிகள் "ஐகோ, தீதா" என்று முழங்காலைப் பிடித்தபடி உட்காருவார்கள். ஜேஜு தீவில் "சொகஸ்ஸுதா" என்பார்கள். மற்ற கொரியருக்கு அது "ஏமாந்து போனீர்கள்" என்று கேட்கும், ஜேஜுவில் "பாடுபட்டீர்கள்" என்று பொருள். "போக்சக் சொகஸ்ஸுதா" என்றால் மிக மிகப் பாடுபட்டீர்கள். 2025-இல் வந்து உலகமெல்லாம் பார்த்த ஒரு தொடரின் கொரியத் தலைப்பும் இதுதான்.

ஐகோ, நம் ஐயோவா?

ஒலி ஒத்துப்போகிறது, பயன்பாடும் ஒத்துப்போகிறது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்போது அவர்கள் "ஐகோ, ஹொரியா" என்பார்கள், நாம் "ஐயோ, இடுப்பே" என்போம். அமெரிக்கரான ஹோமர் ஹல்பர்ட் 1905-லேயே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். மொழியியலார் அந்த உறவை ஏற்கவில்லை. வலி வந்தால் வாய் திறக்கும் ஒலி எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை. உறவு கொண்டாட ஆசைதான், ஆதாரம் வேண்டுமே.

குறுஞ்செய்தியில்?

"பிகொன்ஹே" என்று போட்டு, "யு" என்ற கொரிய உயிரெழுத்தை இரண்டு முறை அடியுங்கள். கண்ணீர் வழியும் இரு கண்கள் போல் இருக்கும். மேலதிகாரிக்கு அனுப்பும் செய்தியில் அது வேண்டாம்.

வேலை முடிந்து ஹ்வேசிக்குக்கு, அதாவது குழுவாகச் சாப்பிட்டுக் குடிக்க, கூப்பிடுகிறார்கள். களைப்பு என்று சொல்லித் தப்பிக்க முடியுமா?

இப்போது முடியும். "முடியாது" என்ற சொல் மட்டும் வாயில் வரக் கூடாது. "ஓனுருன் ஜொம் பிகொன்ஹேசொயோ..." (இன்னைக்குக் கொஞ்சம் அசதியா இருக்கு, அதனால...) என்று இழுத்து நிறுத்துங்கள். மீதியை எதிரில் இருப்பவர் முடித்துக்கொள்வார். குரல் கீழே இறங்க வேண்டும், முகத்தில் கொஞ்சம் வருத்தம் தெரிய வேண்டும். "தாவுமே கொக் கல்கெயோ" (அடுத்த தடவை கட்டாயம் வர்றேன்) என்று சேர்த்தால் இன்னும் நல்லது. ஆனால் அடுத்த தடவை போய்விடுங்கள். இரண்டாம் முறையும் அதே அசதியைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.